எல்கேஜி பசங்க வாயே தொறக்க மாட்டேங்குறாங்க, என்ன பண்ணலாம்?

எல்கேஜி மிஸ்:
வணக்கம், இந்த வருஷம்தான் எல்கேஜி எடுக்குறேன், 26 பசங்க. ரைம்ஸ்னா கோரஸா கத்துறாங்க, ஆனா தனியா கூப்பிட்டு காலைல என்ன சாப்ட்டேன்னு கேட்டா "தோச", அவ்ளோதான். கதை சொன்னா ரெண்டாவது நிமிஷமே ஷூ லேஸ கழட்டிட்டு இருக்காங்க. ஒரு பையனுக்கு மூணே முக்கால் வயசு, இன்னும் ஒத்தை ஒத்தை வார்த்தையாத்தான் பேசுறான், பின்னாடி நின்னு கூப்பிட்டா திரும்புறதே இல்ல. அவங்கம்மா "எங்க வீட்ல எல்லாருமே லேட்டாதான் பேசுனோம் மிஸ்"ங்கிறாங்க.

அங்கன்வாடி டீச்சர்:
மிஸ், நீங்க கேட்ட கேள்விக்கு "தோச"தான் பதில், குழந்தை சரியாத்தான் சொல்லிருக்கு. கேக்குறத விட்டுட்டு நீங்களே ஆரம்பிங்க, "எங்க வீட்டு பூனை இன்னைக்கு பால் சட்டிய உருட்டிடுச்சு"ன்னு சொல்லிட்டு சும்மா இருங்க, நாலு பேர் தானா "எங்க வீட்ல"ன்னு வருவாங்க. கேள்வி கேட்டாலும் மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, நாம ரெண்டு செகண்ட்ல அடுத்த பிள்ளைக்கு போயிடுறோம், அது யோசிச்சு வாய்க்கு கொண்டு வர்றதுக்குள்ள முறை முடிஞ்சு போகுது. "தண்ணி"ன்னா தண்ணின்னே இருக்கட்டும், தண்ணீர்னு திருத்தாதீங்க, மறுநாள் அதுவும் வராது.
கதைக்கு கொழுக்கட்டை கதை எடுங்க, மாமியார் வீட்ல கொழுக்கட்டை சாப்ட்டுட்டு பேர் மறந்துடக்கூடாதுன்னு சொல்லிக்கிட்டே வர்றவன் வாய்க்கால தாண்டும்போது அத்திரிபாச்சான்னு மாத்திடுவான்ல, நான் வேணும்னே தப்பு தப்பா மாத்தி சொல்லுவேன், மொத்த கிளாஸும் "இல்ல டீச்சர்"னு பாஞ்சு வரும். காது குடுத்து கேட்டாத்தான அது முடியும்.

ஒரு அம்மா:
அந்த பையன் விஷயத்த தயவு செஞ்சு தள்ளி போடாதீங்க. ரெண்டு வயசுலயே "அம்மா வா"ன்னு ரெண்டு வார்த்தை சேரணும். எங்க பொண்ணுக்கு அடிக்கடி சளி, செவிப்பறைக்கு பின்னாடி நீர் கோத்து சரியாவே கேக்கல, நாங்க அடம்னு நெனச்சு திட்டுனோம், இப்ப நெனச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு. இவனுக்கும் அதேதான்னு நான் சொல்லல, ஆனா மொதல்ல காது டெஸ்ட் பண்ண சொல்லுங்க. மாவட்ட அரசு பெரிய ஆஸ்பத்திரில டிஇஐசின்னு, குழந்தைங்க வளர்ச்சில இருக்குற குறைய சீக்கிரமே கண்டுபிடிச்சு பாக்குற தனி பிரிவு இருக்கும், 18 வயசு வரைக்கும் இலவசம்.

எல்கேஜி மிஸ்:
ரொம்ப நன்றிங்க, அவங்கம்மாகிட்ட நாளைக்கே பேசுறேன். டீச்சர், 26 பேர வச்சிட்டு பத்து எண்ணுனா மத்தவங்க அடிச்சுக்குறாங்களே?

அங்கன்வாடி டீச்சர்:
ஆறாறு பேரா பிரிச்சு மத்தவங்ககிட்ட களிமண்ண குடுத்துடுங்க. தினம் ஒரு குரூப் போதும்.