என் யானையை ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்

தக்கலை தையல்காரி:
தையற்கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துணியை வாங்கிவந்து, விலங்கு உருவம் வைத்த போர்வை தைக்கிறேன். சோலைமந்தி, மலை அணில், இருவாச்சி எல்லாம் தைத்தாயிற்று. போன மாதம் ஓர் ஓவியக் கண்காட்சிக்கு என் யானையைக் கொண்டுபோனேன். ஆறடிக்கு ஐந்தடி. வாசலில் இருந்தவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு அக்கா, ஆனா இது கைவினை. அந்தப் பக்கம் வையுங்க" என்றார். அந்தப் பக்கம் என்றால் நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் குளியல் சோப்புக்கும் நடுவில். வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது, "டபுள் கட்டிலுக்குப் பத்துமா?"

கோபமெல்லாம் இல்லை. ஊறுகாய் இரண்டு பாட்டில் நானும் வாங்கினேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. யானையின் உடம்பு, என் வீட்டுக்காரரின் பழைய சாம்பல் நிற பேன்ட். முட்டி வெளிறித் தொளதொளத்திருந்தது. அதை யானையின் முன்னங்கால் முட்டியிலேயே வைத்தேன். பின்பாக்கெட்டைப் பிரித்த இடத்தில் துணி வெளுக்காமல் கறுப்பாக இருந்தது. அது காதுக்குப் பின்னால் நிழலாகிவிட்டது. காதின் கீழ் ஓரத்தைத் தைக்கவில்லை, ஃபேன் போட்டால் அசையும். இதே யானையைப் பெயின்டில் வரைந்திருந்தால் சுவரில் மாட்டியிருப்பார்கள்தானே? எது கைவினை, எது கலை? அப்புறம், விலை எப்படிப் போடுவது?

நாகர்கோவில் டிராயிங் வாத்தியார்:
அக்கா, அமெரிக்காவில் ஹாரியட் பவர்ஸ் என்று ஒருவர். 1837இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளை ஆள், விலங்கு உருவங்களாக வெட்டி ஒட்டுத்தையலில் போர்வை செய்தார். 1886இல் ஒரு பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் கொடுக்கவில்லை. பிறகு கையில் காசில்லாமல் பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்தார். இன்று அது ஸ்மித்சோனியனின் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய இன்னொரு போர்வை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். அதில் ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு 500 மைல் ஓடிய ஒரு பன்றியும் உண்டு! ஒரே கை, ஒரே ஊசி. ஒன்று வரலாறு, மற்றது கலை. உங்கள் வாசல்காரர் பாவம், அவர் என்ன செய்வார்?

குளச்சல்காரன்:
எனக்கு ஒரு சந்தேகம். இதே யானையை நாளைக்கு இருபது பேர் ஆர்டர் கொடுத்தால் அச்சு வெட்டி இருபதும் தைப்பீர்களா? தைத்தால் அது கைவினை என்பேன். கைவினை என்றால் மட்டம் என்று சொல்லவில்லை. சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் 1966இல் கூடிய ஓவியர்கள் பாத்திக் (மெழுகு வைத்துச் சாயமேற்றிய) துணி விற்றுத்தான் படம் வரைந்தார்கள்.

முளகுமூடு மருமகள்:
நம்ம நாகர்கோவிலில் 1820களிலேயே மிஷனரி மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். எங்க ஆச்சியும் லேஸ் பின்னியவர்தான், கண் போகும்வரை. எந்த லேஸிலாவது பின்னியவள் பெயர் பார்த்திருக்கிறீர்களா? படம் என்றால் மூலையில் கையெழுத்து இருக்கும். முதலில் போர்வையில் உங்கள் பெயரைத் தையுங்கள் அக்கா. மணிக்கணக்கை எழுதி வையுங்கள். கொத்தனாருக்குக் கொடுக்கும் கூலிக்குக் குறைத்து விற்காதீர்கள்.

தக்கலை தையல்காரி:
எல்லாருக்கும் நன்றி. குளச்சல் தம்பி, இருபது தைக்க முடியாது, அந்த பேன்ட் ஒன்றுதான் இருந்தது. ராத்திரி எட்டரைக்கு மேல் உட்கார்ந்தது எல்லாம் கூட்டினால் 140 மணி நேரம் வருகிறது. கொத்தனார் கூலியில் பெருக்கிப் பார்த்துவிட்டு நானே கால்குலேட்டரை அணைத்துவிட்டேன். மூலையில் பெயர் தைக்கச் சிவப்பு நூல் கோத்தாயிற்று. பேன்ட் தன்னுடையது, தன் பெயரும் வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நிற்கிறார்.