ஃபைனல் போட்ட விகிதம் பில் தலைப்பில் 0 என்று வருகிறது, ஏன்?

ஹார்டுவேர்_மருமகன் கேட்டது:

மாமா கடைக்கு ஜாவாவில் சின்னதா ஒரு பில்லிங் எழுதிக்கிட்டிருக்கேன். கிளாஸ், மெத்தட் பெயரெல்லாம் தமிழிலேயே வச்சிருக்கேன். ஜாவா ஒண்ணும் சொல்லலை, மாமாவுக்கும் சந்தோஷம்.

'பில்'னு ஒரு பேரன்ட் கிளாஸ். அதோட கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடற பகுதி) 'தலைப்பு'ங்கிற மெத்தடைக் கூப்பிடும். 'வரிபில்' அதை எக்ஸ்டெண்ட் பண்ணுது. அதுல பிரைவேட் ஃபைனல் இன்ட் ஆக 'விகிதம்'. கன்ஸ்ட்ரக்டர்ல வர்ற மதிப்பை அதுல போடுறேன். 'தலைப்பு' மெத்தடை ஓவர்ரைடு பண்ணி, அதாவது அதே பெயர்ல இங்க மாத்தி எழுதி, விகிதத்தையும் அச்சடிக்கிறேன்.

18 கொடுத்து ஓட்டினா தலைப்புல "வரி விகிதம்: 0"னு வருது. ஆனா கீழே கூட்டுத்தொகை 18-க்குச் சரியா இருக்கு. ஃபைனல்னா ஒரே மதிப்புதானே? இன்னொரு குழப்பம்: கன்ஸ்ட்ரக்டரை விட்டுட்டு, டிக்ளேர் பண்ற இடத்துலயே = 18னு எழுதினா தலைப்புலயும் 18 வருது! எனக்கு அது உதவாது, விகிதம் பில்லுக்குப் பில் மாறும்.

நைட்ஷிப்ட்:

ஸ்டேட்டிக் ஃபைனல் ஆக்கிடுங்க ப்ரோ, வேலை முடிஞ்சது.

பழைய_ஜாவா:

ஸ்டேட்டிக் ஆக்கினா எல்லா பில்லுக்கும் ஒரே விகிதம் ஆயிடும். கேட்டவரே மாறும்னு சொல்லிட்டாரே. (உண்மையில விகிதம் பில்லுல இல்ல, பொருள்ல இருக்கணும் தம்பி. அதை அப்புறம் பேசிக்கலாம்.)

நடக்கிறது இதுதான். நியூ போட்டதும் முழு ஆப்ஜெக்ட்டுக்கும் இடம் ஒதுக்கி, எல்லா ஃபீல்டையும் வெறுமையாக்கிடும்: இன்ட் என்றால் 0, ரெஃபரன்ஸ் என்றால் நல். அடுத்து 'வரிபில்' கன்ஸ்ட்ரக்டர். அதுல முதல் வேலை சூப்பர், அதாவது பேரன்ட் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடறது, நீங்க எழுதாட்டியும் கம்பைலரே போட்டுக்கும். அதனால 'பில்' கன்ஸ்ட்ரக்டர் முதல்ல ஓடுது, 'தலைப்பு'வைக் கூப்பிடுது. ஆப்ஜெக்ட் நிஜத்துல 'வரிபில்'தானே, அதனால ஓவர்ரைடு பண்ணின 'தலைப்பு'தான் ஓடும். அந்த நேரத்துல விகிதத்துக்கு மதிப்பு போடற வரிக்கு இன்னும் முறையே வரலை. வீடு கட்டி முடியறதுக்கு முன்னாடியே வாசல்ல பெயர்ப்பலகை எழுதச் சொன்ன கதை.

ஃபைனல் சொல்றது "ஒரு தடவைதான் எழுதலாம்" என்பது மட்டும். "எழுதறதுக்கு முன்னாடி யாரும் படிக்க முடியாது"ன்னு அது சொல்லவே இல்ல. கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே, மதிப்பு போடாம 'விகிதம்'னு படிச்சுப் பாருங்க, "வேரியபிள் விகிதம் மைட் நாட் ஹேவ் பீன் இனிஷியலைஸ்டு"ன்னு கம்பைலர் கத்தும். அதே படிப்பை ஒரு மெத்தடுக்குள்ள ஒளிச்சு வச்சா கத்தாது. எந்த மெத்தட் எப்போ கூப்பிடப்படும்னு அது தேடிப் போறதில்ல.

இப்போ உங்க ரெண்டாவது குழப்பம், எனக்கு இதுதான் பிடிச்ச பகுதி. ஃபைனல் இன்ட், அதோட பக்கத்துலயே = 18னு நேரடி எண். இது கம்பைல் நேரத்துலயே தெரிஞ்ச மாறிலி. அதனால ஜாவாசி (ஜாவா கம்பைலர்) நீங்க 'விகிதம்'னு எழுதின இடத்துல எல்லாம் 18-ஐயே ஒட்டிடும். ஃபீல்டை யாரும் எட்டிப் பார்க்கறதே இல்ல. சந்தேகமா? அதே வரியில சின்ன இன்ட்டை இன்டீஜர்னு (எண்ணை ஆப்ஜெக்ட்டுங்கிற பெட்டிக்குள்ள வைக்கிற வகை) மாத்தி ஓட்டுங்க, தலைப்புல "நல்"னு வரும். பெட்டிக்குள்ள போன எண் இந்த வகை மாறிலி கிடையாது. அதுக்கு மதிப்பு போடறது சூப்பர் திரும்பி வந்த பிறகுதான். கம்பைல் ஆன கோடைப் பிரிச்சுக் காட்டற ஜாவாபி-யை மைனஸ் சி போட்டு ஓட்டிப் பார்த்தா இன்னும் தெளிவு: இன்ட்ல 'தலைப்பு'க்குள்ள கெட்ஃபீல்டே (ஃபீல்டைப் படிக்கிற கட்டளை) இருக்காது, இன்டீஜர்ல இருக்கும்.

தீர்வு: பேரன்ட் கன்ஸ்ட்ரக்டர்ல இருந்து 'தலைப்பு' கூப்பிடறதை எடுத்துடுங்க. ஆப்ஜெக்ட் முழுசா உருவான பிறகு வெளியில இருந்து அச்சடிங்க. கன்ஸ்ட்ரக்டரோட வேலை மதிப்பு வைக்கிறது, பிரின்டரை ஓட்டறது இல்ல. கட்டாயம் கூப்பிட்டே ஆகணும்னா அந்த மெத்தட் பிரைவேட்டாவோ ஃபைனலாவோ இருக்கட்டும், யாரும் ஓவர்ரைடு பண்ண முடியாது.

2025 செப்டம்பர்ல வந்த ஜாவா 25-ல் இன்னொரு வழி இருக்கு. சூப்பருக்கு முன்னாடியே 'விகிதம்' மதிப்பை வச்சிடலாம். ஜாவா 23-லயே முன்னோட்டமா இது இருந்தது. ஆனா சூப்பருக்கு முன்னாடி ஃபீல்டுக்கு எழுதலாமே தவிர படிக்க முடியாது, ஸ்டேட்டிக் இல்லாத சொந்த மெத்தட் எதையும் கூப்பிடவும் முடியாது. டிக்ளேர் பண்ற இடத்துல ஏற்கெனவே மதிப்பு கொடுத்த ஃபீல்டுக்கும் இது செல்லாது.

சிஷார்ப்_சின்னவர்:

இதே கதை எங்க பக்கம் கொஞ்சம் வேற மாதிரி. சி ஷார்ப்ல டிக்ளேர் இடத்துல கொடுத்த மதிப்பு பேரன்ட் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்னாடியே ஏறிடும், அதனால ரீட்ஒன்லி ஃபீல்டு (உங்க ஃபைனல் மாதிரி) அங்க சரியா தெரியும். கன்ஸ்ட்ரக்டர் உடலுக்குள்ள போட்டா உங்களை மாதிரியே 0தான். சி பிளஸ் பிளஸ்ல பேரன்ட் கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போது விர்ச்சுவல் மெத்தட் (ஓவர்ரைடு பண்ணக்கூடியது) கூப்பிட்டா பேரன்ட்டோடதுதான் ஓடும், சைல்டு பக்கம் போகாது. கான்ஸ்ட் மெம்பரை (மாத்த முடியாத ஃபீல்டு) அங்க கன்ஸ்ட்ரக்டர் உடல்ல போடவே முடியாது. டிக்ளேர் இடத்துலயோ கன்ஸ்ட்ரக்டர் உடலுக்கு முன்னாடி எழுதற இனிஷியலைசர் லிஸ்ட்லயோதான் கொடுக்கணும்.

ஹார்டுவேர்_மருமகன்:

இன்டீஜர் போட்டுப் பார்த்தேன் அண்ணே, "நல்" வந்துடுச்சு! கடை கம்ப்யூட்டர்ல ஜாவா 8, அதனால 25 வழி இல்ல. தலைப்பை வெளியில எடுக்கறதுல ஒரு சிக்கல்: பழைய கோடு பல இடத்துல நியூ போட்டதும் தலைப்பு அச்சாகும்னு நம்பி எழுதியிருக்கு. எல்லாத்தையும் மாத்தணுமா?

பழைய_ஜாவா:

வேண்டாம். 'பில்' கன்ஸ்ட்ரக்டர் தலைப்பு வரியை ஒரு ஸ்ட்ரிங்கா வாங்கி அச்சடிக்கட்டும். 'வரிபில்' அந்த வரியைத் தயார் பண்ணி சூப்பருக்குள்ள அனுப்பட்டும், ஃபீல்டுல இருந்து இல்ல, கன்ஸ்ட்ரக்டருக்கு வந்த மதிப்புல இருந்து. வரியைத் தயார் பண்ற மெத்தட் ஸ்டேட்டிக்கா இருக்கணும். இல்லேன்னா "கெனாட் ரெஃபரன்ஸ் திஸ் பிஃபோர் சூப்பர்டைப் கன்ஸ்ட்ரக்டர் ஹேஸ் பீன் கால்டு"ன்னு நிறுத்திடும். அப்புறம் 'தலைப்பு' ஓவர்ரைடை மறக்காம அழிச்சிடுங்க.