கால் ஆணி சீவினால் பிளேடுக்குத் தனி பில்லா?

கேள்வி (கிருஷ்ணகிரி, கிளினிக் கவுண்டர்):
சர்க்கரைக்காரர்களின் கால் பார்க்கும் சின்ன கிளினிக் எங்களுடையது. காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக்காரர்கள்தான் அதிகம். பிளேடு, கையுறை, பஞ்சு என்று தனித்தனியாகப் போட்டால், “சவரக் கடையில்கூட பிளேடுக்குக் காசு கேட்க மாட்டாங்களே” என்கிறார்கள். போடாவிட்டால் டாக்டர் என்னைப் பிடிக்கிறார். என்ன செய்வது?

பதில் (தருமபுரி, டிரெஸ்ஸிங் நர்ஸ்):
கையுறை, 15-ஆம் நம்பர் பிளேடு, காஸ் துணி, நகம் எடுக்கும்போது மரத்துப்போகப் போடும் லிக்னோகெய்ன் ஊசி, எல்லாமே சிகிச்சைக் கட்டணத்துக்குள் அடங்கட்டும் சார். சில்வர் டிரெஸ்ஸிங் (வெள்ளி கலந்த புண் கட்டு) மாதிரி விலை கூடியதை மட்டும் தனி வரியாகப் போடுங்கள், அதுவும் உறையைப் பிரிப்பதற்கு முன்பே விலையைச் சொல்லிவிட்டு. புண்ணின் நீள அகலத்தைச் சென்டிமீட்டரில் சீட்டில் எழுதுங்கள். எவ்வளவு டிரெஸ்ஸிங் செலவானது என்பதற்கு அதுதான் சாட்சி. பாதத்தில் தொடு உணர்ச்சி இருக்கிறதா என்று குத்திப் பார்க்கும் நைலான் இழையை, அதாவது 10 கிராம் மோனோஃபிலமென்ட்டைத், துடைத்து அடுத்தவருக்கும் வைக்கிறோம். அதற்கும் ஆளுக்கு ஆள் காசு போடுகிற இடம் ஒன்று எனக்குத் தெரியும். அநியாயம்!

பதில் (ஓசூர், கணக்கர்):
சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. எம்சிஆர் செருப்பு (சர்க்கரைக்காரர்கள் போடும் மெத்தென்ற ரப்பர் செருப்பு) விற்றால் அது பொருள் விற்பனை, அந்த விலக்கில் வராது. ஒரே பில்லில் கலக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி மேடம். ஆணி, நகம், புண் மூன்றுக்கும் கட்டணம் எழுதிக் கவுண்டரில் ஒட்டிவிடுகிறேன். செருப்புக்கு வேறு பில் புத்தகம்.