கெய்ன், கிளிப்பிங்: ‘முன்பெருக்கம்’, ‘முகடு வெட்டு’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

லினக்ஸ் கட்டளைவரியில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து) ஒலிப்பதிவு செய்வதற்கான வழிகாட்டியின் தமிழ் வரைவைப் படித்தேன். அதில் ‘கெய்ன்’, ‘வால்யூம்’ இரண்டுக்குமே ‘ஒலியளவு’ என்று வந்திருக்கிறது. மற்ற சொற்களை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். இதை மட்டும் இப்படியே விடக் கூடாது.

இந்த வழிகாட்டியைப் படித்துப் பதிவு செய்யப்போகிறவர்கள் ஒலிக்கூடத்தில் பழகியவர்கள் அல்ல. விக்சனரிக்கு உச்சரிப்பு சேர்ப்பவர், ஊர்ப் பாட்டியின் தாலாட்டைப் பதிவு செய்பவர், பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடம் வாசிப்பவர், இப்படிப்பட்டவர்கள்தான். ‘ஒலியளவு’ என்று படித்தால், கூடக்குறைய இருந்தாலும் அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். கைபேசியிலும் தொலைக்காட்சியிலும் ஒலியளவு அப்படித்தானே இருக்கிறது.

கெய்ன் அப்படி அல்ல. மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. அதை எண்ணாக மாற்றும் சில்லுக்குப் போவதற்கு முன்பே பெரிதாக்கியாக வேண்டும். 16 பிட் பதிவில் அந்தச் சில்லு தரக்கூடிய மிகப் பெரிய எண் 32767, மிகச் சிறியது −32768. அலை அதைத் தாண்டி எழும்பினால் எழுத எண் இல்லை. கோப்பைத் திறந்து எண்களைப் பார்த்தால் 32767, 32767, 32767 என்று ஒரே எண் வரிசையாக நிற்கும். அந்த இடத்தில் பாட்டியின் குரல் எப்படி ஏறி இறங்கியது என்ற தகவல் கோப்பில் எங்குமே இல்லை. பிறகு ஒலியளவைப் பாதியாகக் குறைத்தாலும், பாதி உயரத்தில் அதே தட்டை இருக்கும், காதில் அதே கரகரப்பு கேட்கும். இருக்கும் அலையை வைத்து ஊகித்து நிரப்பும் மென்பொருள்கள் உண்டு. ஆனால் அவை நிரப்புவது ஊகத்தைத்தான்.

எண்ணாவதற்கு முன் நடப்பது ஒன்று, பின் நடப்பது ஒன்று. இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம்.

> அகராதியில் ‘ஆதாயம்’ என்று இருக்கிறதே?

அது வணிகத்துக்குரிய பொருள். இங்கே லாபம் பார்ப்பவர் எவரும் இல்லை. பள்ளி இயற்பியலில் ஆம்ப்ளிஃபையருக்குப் ‘பெருக்கி’ என்று ஏற்கெனவே நிலைத்த சொல் இருக்கிறது. அது செய்யும் வேலை பெருக்கம். கணக்கிலும் அது பெருக்கல்தான்: 20 டெசிபெல் கூட்டினால் அலையின் வீச்சு 10 மடங்கு, 6 டெசிபெல் கூட்டினால் ஏறத்தாழ 2 மடங்கு.

> அப்படியானால் ‘பெருக்கம்’ மட்டும் போதுமே, ‘முன்’ எதற்கு?

நல்ல கேள்வி. ஒலிக்கோப்புகளைத் திருத்த உதவும் சாக்ஸ் நிரலில் ‘கெய்ன்’ என்ற பெயரிலேயே ஒரு விளைவு இருக்கிறது. அது பதிவான கோப்பில் உள்ள எண்களைப் பெருக்குவது, முழுக்கப் பின்னால் நடக்கும் வேலை. லினக்ஸின் ஒலி அமைப்பு ஆல்சா. அதன் அளவுகளைக் கூட்டிக் குறைக்கும் நிரலான ஆல்சாமிக்சரில் எஃப்4 அழுத்தினால் வரும் ‘கேப்சர்’, ‘மைக் பூஸ்ட்’ பட்டைகள் முன்னால் நடக்கும் வேலையைச் சேர்ந்தவை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால் நாமும் அந்தக் குழப்பத்தைச் சுமக்க வேண்டியதில்லை. சாக்ஸில் இருப்பதற்குப் ‘பெருக்கம்’, மைக்குக்கு ‘முன்பெருக்கம்’ என்று பிரித்துவிடலாம். ப்ரீஆம்ப் என்ற கருவிக்கு ‘முன்பெருக்கி’ என்ற சொல்லும் அதனுடன் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது. முன்பணம், முன்பதிவு என்று தினமும் புழங்குகிற வார்ப்புதான், வாயில் இடறாது. யூஎஸ்பி மைக்குகள் சிலவற்றின் உடலிலேயே ஒரு திருகு இருக்கும். ‘முன்பெருக்கத் திருகு’ என்று எழுதிப் பார்த்தேன், நன்றாகவே நிற்கிறது.

இனி கிளிப்பிங், அதாவது மேலே சொன்னபடி அலை உச்ச எண்ணைத் தாண்ட முடியாமல் தட்டையாகிவிடுவது.

> ‘பிசிறு’ என்று வைக்கலாமே. பிசிறு தட்டாத குரல் என்று சொல்கிறோமே.

இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது, காதுக்குக் கேட்பதை அப்படியே சொல்கிறது. ஆனால் பிசிறு பல காரணங்களால் வரும். இணைப்புக் கம்பி தளர்ந்தாலும் வரும். கணினிக்கு வேறு வேலை அதிகமாகி, ஒலித்தரவை நேரத்துக்கு எடுக்க முடியாமல் இடையகம் (தரவு தற்காலிகமாகத் தங்கும் இடம்) நிரம்பி வழிந்தாலும் வரும். அப்போது ஆல்சாவின் பதிவு நிரலான ஏரெக்கார்டு ‘ஓவர்ரன்’ என்று ஒரு வரி காட்டும், இத்தனை மில்லிநொடி விட்டுப்போனது என்றும் சொல்லும். கிளிப்பிங்கையும் சேர்த்து இந்த மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. கம்பி தளர்ந்தவர் முன்பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டிருந்தால் பயன் இல்லை. ஆகவே காதில் விழுவதற்குப் பிசிறு என்றும், அதன் காரணத்துக்கு வேறு சொல்லும் வேண்டும்.

> ‘வெட்டு’ என்று சுருக்கமாக?

‘வெட்டு, ஒட்டு’ கணினித் தமிழில் வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஒலிக்கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் தேவையில்லாததை நீக்குவதையும் வெட்டுவது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ‘துணுக்கு’ம் ஆகாது, அது சிறு காணொளிக்குப் போய்விட்டது.

அதனால் ‘முகடு வெட்டு’. அலைக்கு முகடு, அகடு என்று பாடநூலில் படித்தவர்களுக்குப் படம் உடனே கண்முன் வந்துவிடும். வினையாகவும் இழுத்துக்கொள்ளலாம்: ‘மூன்றாவது வரியில் முகடு வெட்டுப்பட்டிருக்கிறது’, ‘முகடு வெட்டுப்படாத பதிவு’. அகடும்தானே வெட்டுப்படுகிறது என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். உண்மைதான், −32768 பக்கமும் அதே கதைதான். ஆனாலும் முகட்டைச் சொன்னால் அகட்டையும் சேர்த்துப் புரிந்துகொள்வார்கள். இரண்டையும் சொல்லில் திணித்தால் எவரும் பயன்படுத்த மாட்டார்கள்.

இந்த இரண்டு சொற்களும் சேர்ந்து வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. சில நேரம் சாக்ஸ், இத்தனை மாதிரிகள் (அலையை அளந்து எழுதிய எண்கள்) ‘கிளிப்’ ஆயின, வால்யூமைக் குறைக்கலாமா என்று எச்சரிக்கும். அது செயலாக்கத்தின்போது நடந்தது. மூலக்கோப்பு பத்திரமாக இருக்கும், குறைத்துவிட்டு மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும். மைக்கிலேயே நடந்திருந்தால் அந்த வழி இல்லை, முன்பெருக்கத்தைக் குறைத்துப் பாட்டியை மறுபடி பாடச் சொல்ல வேண்டியதுதான். வழிகாட்டியில் இந்த இரண்டையும் தனித்தனிப் பத்தியாக எழுத வேண்டும்.

மற்றபடி ‘மாதிரி வீதம்’, ‘பிட் ஆழம்’, ‘இழப்பில்லா இறுக்கம்’ எல்லாம் அப்படியே இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை.

சொல் சாராத இரண்டு விஷயங்களையும் வரைவில் சேர்க்கச் சொல்கிறேன். ஏரெக்கார்டுக்கு எதுவும் சொல்லாமல் விட்டால் நொடிக்கு 8000 மாதிரி, 8 பிட், ஒற்றைத் தடம் என்று பதிவு செய்யும். பழைய தொலைபேசி போலக் கேட்கிறதே என்று புதியவர்கள் மைக்கைக் குறைசொல்வது இதனால்தான். 48000, 24 பிட் என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். அடுத்தது, சாதனப் பெயரைப் ‘பிளக்’ என்ற முன்னொட்டோடு கொடுத்தால், மைக்கால் முடியாததைக் கேட்டாலும் ஆல்சா ஓசையில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடும். கோப்பில் 96000 என்று எழுதியிருக்கும், மைக் தந்ததோ 48000தான். முன்னொட்டு இல்லாத நேரடிப் பெயரைக் கொடுத்தால், முடியாததை முடியாது என்று சொல்லி நின்றுவிடும், அல்லது தன்னால் இயன்ற வீதம் இது என்று எச்சரிக்கும். தரம் முக்கியம் என்றால் இந்த நேர்மைதான் வேண்டும்.

‘ஹெட்ரூம்’ மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முகட்டுக்கும் உச்ச எண்ணுக்கும் நடுவே பாதுகாப்புக்காக விடும் இடம் அது. ‘மேலிடம்’ அரசியல் செய்திகளில் கட்சித் தலைமை என்ற பொருளில் ஊன்றிவிட்டது. ‘மேலிடைவெளி’ தட்டச்சில் பரவாயில்லை, பேச்சில் நீளம். சொல் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஏரெக்கார்டில் ஒலிமானியை இயக்கினால் சதவீதத்தில்தான் காட்டும், உச்சத்தைத் தொட்டால் ‘மேக்ஸ்’ என்று வரும். 25 சதவீதம் என்பது −12 டெசிபெல், அதாவது உச்சத்துக்கு 12 டெசிபெல் கீழே. 24 பிட் பதிவுக்கு அது போதுமான அளவு, 12 டெசிபெல் விட்டால் போவது 2 பிட்தான், 22 மிச்சம். ஆனால் 25 என்று பார்த்ததும் நூறுக்குப் பக்கத்தில் போகட்டும் என்று எல்லோரும் கூட்டிவிடுகிறார்கள். அந்த 75 சதவீதத்தை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம் என்பதைச் சொல்லும் ஒரு பெயர் வேண்டும். தோன்றுவதை எழுதுங்கள். அதுவரை வரைவில் ‘மேலிடைவெளி’ என்றே போட்டுவைக்கிறேன்.