அடிபட்டும் விசுவாசத்தை விடாதவர்கள்: நீங்கள் நேரில் பார்த்தவரைப் பற்றிச் சொல்லுங்கள்

தோவாளைக்காரி

கிறிஸ்தவரா மாறின தேவசகாயத்தை 1752-ல சுட்டுக் கொன்ன நாள் ஜனவரி 14. அன்னைக்கு அந்தக் காட்டாடிமலைல கூடுற கூட்டம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், நேரா விஷயத்துக்கு வாறேன். தட்டினா மணிச் சத்தம் வரும்னு சொல்ற மணியடிச்சான் பாறைகிட்ட ஒரு பாட்டி. சின்னக் கல்லால பாறையத் தட்டும், காதைச் சாய்ச்சுக் கேக்கும், திரும்பத் தட்டும். பின்னால நிக்கிறவங்க முணுமுணுத்தும் நகரல. "சத்தம் வருதா பாட்டி"ன்னேன். "வருது பிள்ளே, நான் தட்டினா கொஞ்சம் கொறச்சலாத்தான் வருது"ன்னுச்சு.

அப்புறம் நிழல்ல உக்காந்து பேசினோம். புருஷன் செத்த பிறகு ஞானஸ்நானம் எடுத்திருக்கு. அன்னைலருந்து மவனுங்க வீட்டுக்குள்ள சேக்கல. ரேஷன் கார்டுலருந்து பேரை எடுத்தாச்சு. மாட்டுத்தொழுவத்துப் பக்கத்துல தனி அடுப்பு. பேரனுக்குக் கல்யாணம் நடந்ததே பந்தல் போட்ட பிறகுதான் தெரியுமாம். இதையெல்லாம் அழாம, கத்திரிக்கா விலை சொல்ற மாதிரி சொல்லுது. கடைசியா சொன்னது: "தேவசகாயத்துக்கு எதிரா நின்னது ராஜா. எனக்கு நான் பெத்ததுவ. ராஜான்னா ஒரு கவுரவமாச்சும் உண்டுல்லா."

இவ்வளவு பட்டும் ஏன் விடலன்னு கேட்டேன். என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, "சாப்பாடு போடுற இடம் எது"ன்னு கேட்டு எழுந்து போயிடுச்சு. பதில் வேணாம்னு விட்டுச்சா, கேள்வியே தப்பான்னு இன்னும் எனக்குப் பிடிபடல.

பழையஏடு

பாட்டி சொன்னதில் ஒரு திருத்தம். எதிராக நின்றது ராஜா மட்டும் இல்லை. அந்த ராஜா, திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மா, 1741 குளச்சல் போரில் பிடித்த டச்சுக் கம்பெனிப் படைக்காரர் டிலனாயைத் தன் படைக்கே தளபதியாக்கியவர். டிலனாய் கத்தோலிக்கர், அரசருக்கு அது உறுத்தவில்லை. பத்மநாபபுரம் அரண்மனையில் வேலை பார்த்த நட்டாலம் நீலகண்டன், அதாவது தேவசகாயம், கிறிஸ்தவராக மாறியதுதான் உறுத்தியது. உயர்சாதி அதிகாரி ஒருவர் கண்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை அரண்மனை தாங்கவில்லை. குற்றச்சாட்டில் எழுதியது ராஜத்துரோகம். இதை வைத்தே அது விசுவாசத்துக்கான சாவு இல்லை என்று வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை போட்டு, காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்று மரபு சொல்கிறது. வெறும் துரோகிக்கு இத்தனை சிரமம் எடுப்பார்களா? அவமானப்படுத்தத்தான் எடுப்பார்கள்.

என் அனுபவம் சின்னது. தேவசகாயம் 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளம் போயிருந்தேன். அந்த ஊரில் 1872-ல் எழுந்த தேவாலயத்துக்குக் கால்சட்டை மாதிரி, சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கால்கள், நடுவில் தடுப்பு. அந்தத் தடுப்பைப் பிறகு ஒரு பாதிரியார் இடித்தார். அங்கே ஒரு பெரியவர் தரையில் கால் பெருவிரலை ஊன்றி, "எங்க தாத்தா இதுக்கு அந்தப் பக்கம்" என்று காட்டினார். கோபமே இல்லை, ஆனால் விரலை எடுக்கவும் இல்லை. தேவசகாயம் யாரோடு சாப்பிட்டதற்காக அடிபட்டாரோ அவர்களையே நாம் சுவர் வைத்துப் பிரித்திருக்கிறோம். 2022-ல் புனிதராக்கியபோது பெயரிலிருந்து 'பிள்ளை'யை எடுத்தார்கள், அதுவும் எதிர்ப்பு கிளம்பிய பிறகு.

வெள்ளைச்சேலை

நான் நர்ஸ். இப்ப ஓய்வு. 2008-ல ஒரு மருத்துவக் குழுவோட ஒடிசா போனேன், கந்தமால் மாவட்டம், ராய்கியா முகாம். ஆகஸ்ட் 23-ல விஸ்வ இந்து பரிஷத் தலைவர் சுவாமி லட்சுமணானந்தா கொலை. நாங்கதான் செஞ்சோம்னு மாவோயிஸ்டுகள் சொன்ன பிறகும் அடி விழுந்தது கிறிஸ்தவங்க மேல. வீடு, சர்ச்சு எல்லாம் எரிச்சாங்க, தப்பினவங்கதான் முகாமுக்கு வந்தாங்க.

சாயங்காலம் முகாம்ல தார்ப்பாய் விரிச்சு ஜெபம். ஒரு ஆள் கக்கூஸ் பக்கமாவே நிக்கறான், தலையில துண்டு. என்னன்னு மொழிபெயர்க்கிற தம்பியைக் கேட்டேன். நடக்க முடியாத அம்மாவை விட்டுட்டு ஓட முடியாம ஊர்லயே இருந்திருக்கான். மொட்டை போட்டு, சாணித்தண்ணி குடிக்க வச்சு, இந்துவா மாறிட்டேன்னு காகிதத்துல கையெழுத்து வாங்கிட்டாங்க. அம்மாவைச் சொந்தக்காரங்க வீட்டுல சேத்துட்டு ராத்திரியோட ராத்திரியா காட்டு வழியில வந்திருக்கான். உள்ள வர மாட்டேங்கறான்.

பாட்டு நடக்குது. மகனைப் பறிகொடுத்த அம்மா ஒருத்தி எழுந்து போய் அவன் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உக்கார வச்சா. துண்டை உருவித் தன் மடியில போட்டுக்கிட்டா. மொட்டைத்தலை பளிச்சுன்னு தெரியுது. அவ பாட்டை விட்ட இடத்துலருந்து பாட ஆரம்பிச்சுட்டா.

அதே நிமிஷம் ஒரு பையன் எழுந்து வெளிய போனான். கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லித் தாடை உடைஞ்சவன், காலையில நான்தான் கட்டுப் போட்டேன். நான் யாரையும் குறை சொல்லல. ரெண்டு பேரும் செஞ்சது சரிதான்னு தோணுது, அதுதான் தூங்க விடல.

மேய்ப்பன்கோல்

ஸ்தோத்திரம். சகோதரி, உங்கள் இளகிய மனதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் ரெண்டும் சரியாக முடியாது. மனுஷர் முன்பாக என்னை மறுதலிக்கிறவனை நானும் மறுதலிப்பேன் என்று மத்தேயு 10:33 இருக்கிறது. தாடை உடைந்த தம்பிதான் சாட்சி. மற்றவருக்கு இரக்கம் காட்டலாம், அதை விசுவாசம் என்று சொல்லக் கூடாது.

எங்கள் வீட்டுக் கூடுகையிலும் ஒரு முறை கல் விழுந்தது. ஜன்னல் உடைந்தது.

இதை வாசிக்கிறவர்களுக்குச் சில காரியங்கள். சம்பவம் நடந்தால் முதலில் முகநூலில் போடாதீர்கள், முதலில் காவல் நிலையம். யார் அடித்தார் என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதிக் கொடுங்கள், ஊகித்து ஒரு பெயரைச் சேர்த்தால் மொத்த வழக்கும் அதில்தான் கவிழும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். நிலையத்தில் புகாரை ஏற்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். காயம் பட்டவரை அன்றே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள், தனியார் சீட்டு பின்னால் கேள்விக்குள்ளாகும். வீட்டுப் பட்டா, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வேறு ஊரில் வையுங்கள். கந்தமாலில் வீட்டோடு காகிதமும் எரிந்ததால் நஷ்டஈட்டுக்கு அலைந்தவர்கள் எத்தனை பேர். பதிவான 827 வழக்குகளில் 315-ஐக் குற்றம் இல்லை, ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று மூடியதை மறுபடி பார்க்கச் சொல்லி 2016-ல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. வட மாநிலம் போகும் தம்பிமார் அந்த மாநிலத்து மதமாற்றத் தடைச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போங்கள், ஒடிசாவில் 1967-லிருந்தே இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் முகத்தை வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள். பழைய துணி மூட்டை அனுப்பாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக மன்னியுங்கள். 1999 ஜனவரி, ஒடிசாவின் மனோகர்பூரில் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் 10 வயது, 6 வயது மகன்களையும் கொளுத்தினார்கள். அவர் மனைவி மன்னித்துவிட்டேன் என்று சொல்லி, பாரிபடாவில் கணவர் சேவை செய்த அதே தொழுநோயாளிகளோடு இருந்தார். அதுதான் மாதிரி.

வாவிக்கரை

நான் மட்டக்களப்பு. சீயோன் தேவாலயம் எண்டால் உங்களுக்கு விளங்கும், 2019 உயிர்த்த ஞாயிறு. ஞாயிறு பாடசாலை முடிஞ்சு பிள்ளைகள் வெளியில சாப்பிட்டுக்கொண்டு நிண்ட நேரம் குண்டு வெடிச்சது. அதைப் பற்றி எழுத எனக்கு ஏலாது.

எங்கட ஒழுங்கையில ஒரு அக்கா. பிள்ளையைக் குடுத்தவ. கன நாளைக்குப் பிறகு கடையில கண்டன், சீனி நிறுத்துக்கொண்டிருந்தாங்க. வெளியூர்ல இருந்து வந்த ஒரு ஐயா, நல்ல மனுசன்தான், கிட்ட வந்து, "அம்மா, மன்னிச்சிட்டீங்களா?" எண்டு கேட்டார். அக்கா சீனிப் பையை வாங்கிக் கையில வச்சுக்கொண்டு சொன்னா: "ஐயா, வாறவங்க எல்லாரும் இதைத்தான் கேக்கிறாங்க. என்ட பிள்ளைக்கு என்ன பாட்டு விருப்பம் எண்டு ஒருத்தரும் கேக்கல்ல." சொல்லிப்போட்டு மிச்சக் காசை எண்ணினா.

அவ ஆராதனைக்குப் போறத ஒரு கிழமையும் விடல்ல. மன்னிச்சாவா எண்டு எனக்குத் தெரியாது. ஐயாமாரே, ஸ்டெயின்ஸ் அம்மா சொன்னது அவவின்ட வாயால, அவவின்ட நேரத்தில. அதை எடுத்து மற்றத் தாய்மாருக்கு அளவுகோலாக்க வேணாம்.

ரெண்டுபேர்க்காரன்

மேய்ப்பன்கோல் ஐயா, மறுதலிப்புன்னு ஈசியா சொல்லிட்டீங்க. எங்கப்பாவுக்குச் சர்ச்சுல ஒரு பேர், சாதிச் சான்றிதழ்ல ஒரு பேர். சர்ச்சுல பேஸ் குரல் பாடுவார், பாட்டுப் புத்தகம் வேணாம். சான்றிதழ்ல இந்து ஆதிதிராவிடர். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவன்னு எழுதினா எஸ்சி இல்ல. சீக்கியரை 1956-ல சேத்தாங்க, பௌத்தரை 1990-ல. எங்களுக்கு இங்க பிசி, அவ்வளவுதான். ஞானஸ்நானம் எடுத்தவுடனே ஊர் எங்களைத் தனித் தம்ளர்லருந்து விட்டுடுச்சா? தமிழ்நாட்டுச் சட்டசபைகூட 2023-ல எங்களுக்காகத் தீர்மானம் போட்டுச்சு. அடுத்த வருஷமே புதுச்சேரி வழக்குல உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவனா வாழ்ந்துட்டுச் சலுகைக்காக இந்துன்னு சொல்றது அரசியலமைப்புக்கே மோசடின்னுடுச்சு.

எனக்கு மறக்காத காட்சி: சான்றிதழ் விசாரணைக்கு ஆபீஸ்லருந்து ஆள் வர்றாங்கன்னு தெரிஞ்சு அப்பா சுவத்துல இருந்த சிலுவையைக் கழட்டினார். அரிசிப் பானைக்குள்ள வச்சார். ஆள் போனதும் எடுத்துத் தூசி தட்டி அதே ஆணியில மாட்டினார். என்கிட்ட ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு ராத்திரி சாப்பிடல.

அவர் தாடை உடையல. உங்க கணக்குல அவர் எந்தப் பக்கம்?

பழையஏடு

இதற்கு நான் பதில் சொல்கிறேன். கி.பி. 250-ல் ரோமப் பேரரசன் டீசியஸ் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றான். அந்தச் சான்றிதழ்கள் எகிப்தில் பாப்பிரஸ் ஏடுகளாகவே கிடைத்திருக்கின்றன. பலியிடாமல் காசு கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்ட கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். பிறகு வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் சபையில் பெரிய தகராறு, இவர்களைத் திரும்பச் சேர்ப்பதா வேண்டாமா என்று. சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் கொடுத்ததே சிறையில் அடிபட்டுக் கிடந்தவர்கள்தான். பாதுகாப்பாக இருந்தவர்கள்தான் அதிகம் கோபப்பட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சபையின் பிஷப் சிப்ரியானே அப்போது ஒளிந்திருந்தவர், 258-ல்தான் கழுத்தைக் கொடுத்தார்.

வெள்ளைச்சேலை

பாதுகாப்பா இருந்தவங்கதான்னு பொதுவா சொல்லாதீங்க. நான் பாத்த இடத்துல எழுந்து போனது அடிபட்ட பையன்.

மேய்ப்பன்கோல்

பழையஏடு ஐயா, சிப்ரியான் சும்மா சேர்க்கவில்லை, மனந்திரும்புதலுக்குக் காலம் வைத்தார். அதையும் எழுதுங்கள். ரெண்டுபேர்க்காரன் தம்பி, உங்கள் அப்பாவைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லவில்லை. சொன்ன மாதிரி பட்டிருந்தால் வருத்தம், ஆனால் வசனம் வசனம்தான். நர்ஸ் சகோதரி, அந்த மொட்டை போட்டவரிடம் மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்களே, அதற்குத் தனியாகப் புகார் கொடுத்தாரா? வழக்கு எண் ஏதாவது உங்களிடம் இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். கந்தமால் மாவட்டத் தலைநகர் புல்பானியில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார்.