டர்போ எல்ஃப் ஏத்தத்துல இழுக்குதில்ல, பம்ப் ஸ்குறூவ இன்னும் அரைச் சுத்து திருகலாமா?

சம்மாந்துறை லொறி:
எல்லாருக்கும் சலாம், வணக்கம். என்னட்ட இசுசு எல்ஃப் லொறி ஒண்டு இரிக்கு, எஞ்சின் ஃபோர் ஜேபி ஒண் டர்போ, 2.8 லீட்டர், டீசல் பம்ப் ரோட்டரி வி.ஈ. டைப். ரெண்டு வருசமா மில்லுல இருந்து கண்டிக்கு அரிசி ஏத்துறன், மகியங்கனையால போய் 18 வளைவு மலை ஏத்தம் ஏறித்தான். போன மாசம் வரைக்கும் மூணாம் கியர்ல ஏறின இடத்துல இப்ப ரெண்டுக்கு இறக்கியும் மூச்சு வாங்குது, பின்னால வாற பஸ்காரன் ஹோன் அடிச்சே கொல்றான். பகிடி என்னெண்டா ஏத்தத்துல கறுப்புப் புகையும் பெரிசா இல்ல, சும்மா செத்த மாதிரி போகுது.

தெரிஞ்ச பொடியன் ஒராள் பம்புக்குப் பின்னால லொக் நட் போட்ட ஸ்குறூ இரிக்கு, அத உள்ளுக்கு திருகினா டீசல் கூடும் எண்டான். அரைச் சுத்து திருகினம். இப்ப ஐடில், அதான் மிதிக்காம சும்மா நிக்கக்குள்ள எஞ்சின் சுத்துற வேகம், ஏறிட்டு, சந்தியில நிண்டு எடுக்கக்குள்ள பின்னால ஆளே தெரியாத அளவுக்கு கறுப்புப் புகை, ஏத்தத்துல கொஞ்சம் பரவால்ல, ஆனா பழைய இழுவை இல்ல. இன்னும் அரைச் சுத்து விடலாமா? ரெண்டு கிழமையில நெல் வெட்டு தொடங்கப் போகுது, அதுக்குள்ள சரிப்படுத்தணும்.

கல்லாறு பொடியன்:
மச்சான் யோசிக்காத, திருகு. நான் முழுச் சுத்து திருகித்தான் ஓடுறன், பறக்குது. புகை வந்தா வரட்டும், டீசல் லொறி எண்டா புகைக்கும்தானே.

டீசல்பம்ப் காக்கா:
தம்பி அந்த ஸ்குறூவுல இருந்து கைய எடுங்க முதல்ல. ஒங்கட கதையிலயே பதில் கிடக்கு. ஏத்தத்துல இழுவையும் இல்ல புகையும் இல்ல எண்டா டர்போ காத்து தள்ளுற நேரத்துல பம்ப் டீசல கூட்டிக் குடுக்குதில்ல எண்டு அர்த்தம். பம்புக்கு மேல தொப்பி மாதிரி ஒண்டு இரிக்கா, அதுக்குள்ளதான் டயபிரம். எஞ்சினுக்குக் காத்துப் போற இன்டேக் மனிபோல்ட்ல இருந்து மெல்லிய ஹோஸ் ஒண்டு அந்தத் தொப்பிக்கு வரும். டர்போ காத்து அமுக்கினா டயபிரம் கீழ இறங்கும், அதோட நடுவுல இரிக்கிற கம்பியும் இறங்கும், அந்தக் கம்பிய சாய்வா கடைஞ்சிருப்பாங்க, அந்தச் சாய்வுல சின்ன பின் ஒண்டு சறுக்கி உள்ளுக்கு இரிக்கிற லீவர விடும், அப்பதான் டீசல் கூடும். ஹோஸ் வெடிச்சிருந்தா, இல்லாட்டி டயபிரம் கிழிஞ்சிருந்தா, டர்போ இரிக்கிறதே பம்புக்குத் தெரியாது, டர்போ இல்லாத லொறிக்குக் குடுக்கிற மாதிரி அளவாத்தான் குடுக்கும்.

நீங்க பம்புக்குப் பின்னால இரிக்கிற ஸ்குறூவ உள்ளுக்கு விட்டதால எல்லா வேகத்துலயும் டீசல் கூடியிரிக்கு, காத்தே இல்லாத இடத்துலயும் கூடியிரிக்கு. அதான் சந்தியில எடுக்கக்குள்ள அந்தப் புகை, ஐடில் ஏறினதும் அதாலதான்.

அந்த ஹோஸ கழட்டி கையில எடுத்து மடிச்சு மடிச்சுப் பாருங்க, கிளிப் போட்ட இடத்துல அடிப்பக்கமாத்தான் அனேகமா வெடிக்கும், மேலால பாத்தா தெரியாது. மறுகா தொப்பியில ஹோஸ் மாட்டுற வாயில துண்டு டியூப் ஒண்டு போட்டு வாயால ஊதி நாக்கால அடைச்சுப் பிடிங்க, காத்து நிண்டா டயபிரம் சுகம், இறங்கிப் போனா கிழிசல். ஏர் ஃபில்டரையும் கழட்டிப் பாருங்க, நெல் களத்துல நிக்கிற லொறிக்கு பதரும் தூசியும் என்ன வேலை செய்யும் எண்டு நான் சொல்லத் தேவல்ல.

ஒண்டு மட்டும் மறக்காதீங்க, ஹோஸ மாத்தினா அந்த அரைச் சுத்த திரும்ப வெளிய எடுத்துப் போடணும். இல்லாட்டி ஸ்குறூ கூட்டின டீசலும் டயபிரம் கூட்டுற டீசலும் சேந்து அடிக்கும், 18 வளைவுல லோட்டோட முழுசா மிதிச்சு ஏறக்குள்ள எக்சோஸ்ட் சூடு 700 டிகிரியத் தாண்டி நிண்டுட்டா பிஸ்டன் மண்டையும் டர்போவும் எவ்வளவு நேரம் தாங்கும்?

கல்லாறு தம்பி, முழுச் சுத்து திருகின பம்ப்ல எக்ஸ்லேட்டர்ல இருந்து கால எடுத்தாலும் எஞ்சின் இறங்காம நிண்டு கத்தும், ஒங்களுக்கு கத்தல்லயா?

கல்லாறு பொடியன்:
கத்தினது காக்கா. ஐடில் ஸ்குறூவ முழுசா வெளிய எடுத்துப் போட்டுத்தான் ஓடுறன், ஹிஹி. போன மாசம் புகை டெஸ்ட்லயும் விழுந்துட்டுது, அந்தக் கதைய கேக்காதீங்க.

சம்மாந்துறை லொறி:
காக்கா நீங்க சொன்ன இடமேதான், கிளிப்புக்குக் கீழ விரல் நகம் போற அளவுக்கு வெடிப்பு! டயபிரம் ஊதிப் பாத்தன், நிக்குது. ஃபில்டருக்குள்ள இருந்து ஒரு சிரட்டை பதர் கொட்டிச்சு, வெக்கமா போச்சு. புது ஹோஸ் போட்டு, ஸ்குறூவ அரைச் சுத்து திரும்ப எடுத்து, ஐடில் தானா இறங்கிட்டு. நேத்து கண்டிக்குப் போனன், பாதி வளைவு வரைக்கும் மூணாம் கியர், மறுகா ரெண்டு. முந்தி முழுக்க மூணுலதான் ஏறும். மிச்சத்துக்கு கொஞ்சமா திருகலாமா? இன்னொண்டு, பம்ப்ல எக்ஸ்லேட்டர் கம்பி மாட்டுற ஷாஃப்ட் பக்கம் டீசல் ஈரமா கிடக்கு.

ஏறாவூர் டிப்பர்:
2022 டீசல் இல்லாத காலத்துல மண்ணெண்ணெய் கலந்து ஓடினீங்களா? நான் ஓடினன், அழுது அழுது ஓடினன். வி.ஈ. பம்புக்கு தனியா ஒயில் கிடையாது, ஓடுற டீசல்தான் உள்ளுக்கு இரிக்கிற எல்லாத்துக்கும் ஒயில், மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்பு இல்ல. எனக்கும் முதல்ல ஷாஃப்ட் பக்கம்தான் ஒழுகிச்சு, மறுகா சூடாகினா ஸ்டார்ட் வராது, கடைசியா பம்புக்குள்ள டீசல அமுக்கித் தள்ளுற ஹெட்டும் பிளஞ்சரும் மாத்தித்தான் விட்டுது.

சம்மாந்துறை லொறி:
கலந்தன். வேற வழி இருந்தா?

டீசல்பம்ப் காக்கா:
யார்தான் கலக்கல்ல அந்த நேரம். ஷாஃப்ட் ஈரம் எண்டா ரப்பர் ஓ ரிங் போயிருக்கலாம், இல்லாட்டி ஷாஃப்ட் ஓடுற புஷ்ஷே தேஞ்சிருக்கலாம், கழட்டாம சொல்ல ஏலாது. தேஞ்ச பம்ப ஸ்குறூவால சரிக்கட்டப் போனா எங்க போய் நிக்கும் எண்டு தெரியாது. முதல்ல நாலு இன்ஜெக்டரையும் கழட்டிட்டு வாங்க, அதுட நுனியில இரிக்கிற நொசல் டீசல எப்பிடித் தெளிக்குது எண்டு பாப்பம், ஒண்டு சொட்டினாலே இழுவை குறையும். அது சரியெண்டா பம்ப டெஸ்ட் பெஞ்ச்ல ஏத்தி அளந்து பாப்பம். அதுக்குப் பொறகுதான் ஸ்குறூ, அதுவும் ஒரு சுத்துல எட்டுல ஒரு பங்கு. திருக முதல் வெளிய நீட்டி நிக்கிற புரிய வேர்னியரால அளந்து ஒரு கடதாசியில எழுதி வைங்க, சும்மா கோடு கீறினா எண்ணெயில அழிஞ்சு போயிடும்.

ஞாயிறு பின்னேரம் இரிப்பன். கழட்டின பைப் வாய் எல்லாத்தையும் சுத்தமான துணியால கட்டிட்டு கொண்டு வாங்க, தூசி போனா புது நொசலும் ஒரு கிழமைக்குத்தான்.