குன்னூர் கஃபேயில் சனிக்கிழமைக் கச்சேரி: ஸ்பீக்கர், எர்த், சுருதி, அனுமதி

தேயிலைமேடு:
வணக்கம். குன்னூரில் சின்ன கஃபே. ஹால் 30 அடிக்கு 18 அடி, மரத்தரை, ஒரு நீளப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. 40 பேர் உட்காரலாம். மது கிடையாது. டிசம்பரிலிருந்து சனிக்கிழமை மாலைகளில் நேரடி இசை வைக்கலாம் என்று யோசனை. குழு கோவையிலிருந்து வரும்: பாட்டு, அக்கௌஸ்டிக் கிடார், புல்லாங்குழல், கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டித் தாளம்). என்னிடம் இருப்பது 10 இஞ்ச் பவர்டு ஸ்பீக்கர் (ஆம்ப் உள்ளேயே இருப்பது) 2, 8 சேனல் மிக்சர், சாதா டைனமிக் மைக் 3. இது போதுமா? ஒத்திகையில் கிடாரைப் பிடித்துக்கொண்டு பாடினால் மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்று ஷாக் அடிக்கிறது. கரண்ட் போனால் 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் தாங்குமா? எத்தனை மணி வரை வாசிக்கலாம்?

மிக்சர்_மணி:
முதலில் ஷாக். அது சரியாகும் வரை யாரையும் பாட விடாதீர்கள். கிடார் ஆம்ப் ஒரு பிளக்கிலும் மிக்சர் வேறு பிளக்கிலும் இருக்கும். இரண்டுக்கும் எர்த் ஒரே அளவில் இல்லை. கிடார் கம்பி ஆம்ப் வழியாக ஒரு எர்த்தில், மைக்கின் கம்பிவலை மிக்சர் வழியாக இன்னொன்றில். நடுவே பாடுகிறவரின் உடம்பு. மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு பிளக்கிலும் பாருங்கள். ஃபேஸ்-நியூட்ரல் 230 வோல்ட் பக்கம், ஃபேஸ்-எர்த்தும் கிட்டத்தட்ட அதே. நியூட்ரல்-எர்த் 2, 3 வோல்ட்டுக்கு மேல் போனால் வயரிங்கில் கோளாறு. மேடைச் சாமான் மொத்தத்தையும் ஒரே பிளக்கிலிருந்து இழுத்து, அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) போடுங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டு வாசிக்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு. இரைச்சல் நிற்கும், ஆள் போய்விடும். இரைச்சலுக்கு, கிடாரை மிக்சரோடு இணைக்கும் டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது, அதைத் தட்டுங்கள்.

எர்த் குழியில் உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும்.

40 பேருக்கு உங்கள் ஸ்பீக்கர் தாராளம். தொல்லை தரப்போவது அந்தக் கண்ணாடி. குழுவை 18 அடிச் சுவர்ப் பக்கம் உட்கார வைத்து, ஸ்பீக்கரை ஹாலின் நீளவாக்கில் திருப்புங்கள். உட்கார்ந்தவர்களின் தலைக்கு மேலே ஹார்ன் (ஸ்பீக்கரில் கீச்சொலி வரும் பகுதி) வரும்படி ஸ்டாண்டை உயர்த்துங்கள். மைக் எதுவும் ஸ்பீக்கருக்கு முன்னால் வரக்கூடாது. கண்ணாடிக்குக் கனமான திரை, இல்லையென்றால் கம்பளி. பாட்டுக்கும் குழலுக்கும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். கிடார் ஊளையிட்டால் பெரும்பாலும் 100 முதல் 250 ஹெர்ட்ஸுக்குள்தான், அந்த இடத்தை மட்டும் குறையுங்கள். கஹோனுக்கு இந்த அறையில் மைக்கே வேண்டாம், அடியில் ஒரு தடித்த விரிப்பு போதும். விரிப்பு இல்லையென்றால் மரத்தரையும் சேர்ந்து அதிரும்.

கோத்தகிரி_வயர்மேன்:
உப்பு, கரி பற்றி மணி சொன்னது பாதிதான் சரி. இங்கே பாறை நிலம். மழைக்காலத்தில் எர்த் நன்றாக இருக்கிற மாதிரி தெரியும், பிப்ரவரி வறட்சியில் மறுபடி கெட்டுப்போகும். உப்பு கம்பியையும் அரித்துவிடும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தின் மின்தடையை ஓமில் அளந்து, இரண்டாவது எர்த் இறக்கி இரண்டையும் இணைப்பதே வழி.

ஜெனரேட்டர்: உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால் பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3.5 சதவீதம் சக்தி இழக்கும். குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர். ஆக 2 கேவிஏ என்று எழுதியிருப்பது கைக்கு 1.6 கேவிஏகூட வராது. ஸ்பீக்கரில் 1,000 வாட் என்று போட்டிருந்தாலும் பாட்டுக்குச் சராசரியாக ஒன்றுக்கு 100, 150 வாட் இழுத்தால் அதிகம். மிக்சரும் எல்இடி விளக்கும் சேர்த்தும் தாங்கும். காபி மெஷினையோ ரூம் ஹீட்டரையோ அதே லைனில் மாட்டினால் அத்தோடு சரி. கரும்புகை வந்து ஸ்பார்க் பிளக் அடைத்தால் கலவையில் பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம்; மலைக்கு ஏற்ற கார்புரேட்டர் ஜெட் கம்பெனியிலேயே கிடைக்கும். மிக்சருக்கு மட்டும் சின்ன யுபிஎஸ் வையுங்கள். ஸ்பீக்கரைக் கடைசியில் போட்டு முதலில் அணைக்க வேண்டும். ஜெனரேட்டர் கட்டடத்துக்கு வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி.

குழலும்_குளிரும்:
யாரும் சுருதியைப் பற்றிப் பேசவில்லையே! மலையில் பாதிக் கச்சேரி கெடுவது அங்கேதான். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவு. 20 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இறங்கினால் குழல் சுமார் 30 சென்ட் இறங்கும், அரை ஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு. கிடார் கம்பியோ குளிரில் சுருங்கிச் சுருதி ஏறும். 5 மணிக்குக் காலி ஹாலில் சேர்த்த சுருதி, 40 பேர் வந்து அறை சூடானதும் இரண்டு பக்கமும் பிரிந்துவிடும்: குழல் மேலே, கிடார் கீழே.

மூங்கில் குழலில் திருகிச் சரிசெய்ய ஒன்றும் இல்லை. ஊதும் கோணத்தை மாற்றிச் சமாளிக்கலாம், அதுவும் கொஞ்சம்தான். ஆகவே போன் டியூனர் செயலி காட்டும் 440 ஹெர்ட்ஸை நம்பாமல் கிடார் குழலைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்பே கதவைச் சாத்தி அறையைச் சூடாக்குங்கள். முதல் இரண்டு பாட்டு குழல் இல்லாததாக இருக்கட்டும், பிறகு மறுபடி சுருதி. கஹோனுக்குப் பதில் தபலா, மிருதங்கம் வந்தால் மஞ்சு இறங்கும் நாளில் தோல் ஈரம் குடித்துத் தொய்யும். ஜன்னல் ஓரம் வைக்கக் கூடாது. கிடாரைக் கணப்புப் பக்கமும் வைக்கக் கூடாது. குளிர்ந்த வண்டியிலிருந்து இறக்கிய மிக்சரை ஒரு மணி நேரம் பையைத் திறக்காமல் ஹாலில் வையுங்கள். உடனே திறந்தால் உள்ளே நீர் கோக்கும்.

பர்லியார்_வளைவு:
2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும், போலீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே கேளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடாது. பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். குன்னூரில் பள்ளிக்குக் குறைவில்லை, அளந்து பாருங்கள். சினிமாப் பாட்டு என்றால் ஐபிஆர்எஸ் (பாட்டின் காப்புரிமைக் கட்டணம் வாங்கும் சங்கம்) உரிமம் தனி. இந்த உரிமத்தில் கல்யாண வீட்டுக்கு இருக்கும் விலக்கு கஃபேக்குப் பொருந்தாது.

குழுவின் வண்டி நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். மே மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற குன்னூர் வழி, இறங்க கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்குவார்கள். பின்னால் மைசூர் குழுவை அழைத்தால் அறையும் போட வேண்டும்: மைசூர் வழியிலுள்ள பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடல்.

தேயிலைமேடு:
எல்லாருக்கும் நன்றி. வெளி வராந்தாவில் வைத்தால் எதிரொலித் தொல்லை இருக்காதே?

மிக்சர்_மணி:
வேண்டாம். பொழுது சாய்ந்ததும் குளிர்காற்று பள்ளத்தில் தங்கி, வெதுவெதுப்பான காற்று மேலே நிற்கும். மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து பள்ளத்துக்கே இறங்கும். வராந்தாவில் மெதுவாகக் கேட்பது கீழே தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் தெளிவாகக் கேட்கும். வெளியே வைத்தே ஆக வேண்டுமென்றால் ஸ்பீக்கர் இல்லாமல், 6 மணிக்குள். எர்த் விஷயத்தில் வயர்மேன் சொன்னபடி செய்யுங்கள்.